நல்ல இடம், கொடுக்கலாம்

அருமனை, மிஷன் வளாகம்
20-8-1947

ராகேல் அக்காவுக்கு,

நான் ஹரு. ஞானையன் கம்பவுண்டரின் மனைவி. நான் செத்துப்போனதாக நீங்கள் நினைத்திருக்கலாம். உயிரோடு இருக்கிறேன். உங்கள் ஊர்ப்பக்கம்தான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தைத் தமிழில் நானே எழுதுகிறேன். சிரம்பானில் அவர் எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தபோது நீங்கள் வாசலில் நின்று சிரிப்பீர்கள். பிழை இருந்தால் இப்போதும் சிரித்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு ஆராதனைக்கு மலாயாவிலிருந்து திரும்பிய குமாரதாஸ் என்பவர் வந்திருந்தார். உங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் வேலை பார்த்தவராம். அவர் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சயாம் ரயில் பாதை போடப் போன இடத்தில் இறந்துவிட்டார். தோட்டத்தில் கணக்கெழுதிய உங்கள் வீட்டுக்காரர் ஞானசிங் கிராணியும் அங்கேயே இறந்துவிட்டார். உங்களோடு ஒரு பெண்பிள்ளை இருக்கிறாள், வெளுத்த பிள்ளை, சின்னக் கண் என்று அவர் சொன்னார். நான் ஆலயத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு நடந்ததை நீங்கள் அறிய வேண்டும். யுத்தம் தொடங்கிய காலையில் போலீஸ் லாரி வந்தது. ஜப்பான்காரர் எல்லோரையும் பிடிக்கிறோம் என்றார்கள். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் வேலையில் இருந்தார். மகள் உங்கள் வீட்டில் உங்கள் பையன்களோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் சத்தம் எனக்குக் கேட்டது. கூப்பிட்டிருந்தால் அவளையும் ஏற்றியிருப்பார்கள். வாயை மூடிக்கொண்டு லாரியில் ஏறினேன்.

பிறகு சிங்கப்பூர். பிறகு கப்பல். டில்லியில் ஒரு பழைய கோட்டைக்குள் கூடாரம் போட்டு வைத்தார்கள். குளிரில் குழந்தைகள் செத்தார்கள். அதன்பின் ராஜபுதனத்துப் பாலையில் ஒரு முகாம். வெயிலில் கிழவிகள் செத்தார்கள். யுத்தம் முடிந்ததும் மற்றவர்களை ஜப்பானுக்கு அனுப்பினார்கள். என் புருஷன் திருவிதாங்கூர்க்காரர், அவரும் மகளும் ஊருக்கு வந்துவிடுவார்கள், நான் அங்கே போகிறேன் என்று அதிகாரியின் காலைப் பிடித்தேன். விட்டார்கள். இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. யாரும் வரவில்லை.

இங்குள்ள சபை ஐயர் எனக்கு ரூத் என்று ஞானஸ்நானம் கொடுத்தார். வேதத்தில் வரும் ரூத்தும் புருஷனை இழந்து அந்நிய நாட்டுக்கு வந்தவள்தான், ஆனால் அவளுக்கு ஒரு மாமியாராவது இருந்தாள்.

போர்டிங் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சுகிறேன். மிஷனை நடத்துகிற வெள்ளைக்கார மிசியம்மா கப்பல் செலவு தருவதாகச் சொல்லியிருக்கிறார். மகளை அனுப்பிவையுங்கள், அக்கா. அவளை உயிரோடு வைத்திருந்தீர்கள். அதற்கு நன்றி என்று எழுதினால் போதாது என்று தெரியும். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

ஹரு


சிரம்பான்
2-11-1947

ஹருவுக்கு ராகேல் எழுதுவது.

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாசித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். போடவில்லை. மறுபடி வாசித்தேன். எழுத்தில் பிழை ஒன்றும் இல்லை, சிரிக்க வழியில்லை. உன் நன்றியை நீயே வைத்துக்கொள்.

லாரியில் ஏற்றினார்கள், கப்பலில் ஏற்றினார்கள், குளிர், வெயில் என்று எழுதியிருக்கிறாய். பாவம்தான். ஆனால் உனக்கு இரண்டு வேளை சோறு போட்டு வேலிக்குள் வைத்திருந்தது வெள்ளைக்காரன். எங்களை வைத்திருந்தது உன் ஜனங்கள். அவர்கள் வந்தபோது உன் வீட்டுக்காரர் ஞானையன் தம்பிக்குப் பயமே இல்லை. "எனக்க பெஞ்சாதி அவிய நாட்டுக்காரியாக்கும். சொன்னா விட்டுருவாவ" என்று எல்லோருக்கும் தைரியம் சொன்னார். ஒருநாள் ஒரு சிப்பாயிடம் அதைச் சொல்லவும் செய்தார். நீ சொல்லிக்கொடுத்த உன் பாஷையிலேயே சொன்னார். ஒரு தமிழன் வாயில் அப்படி ஒரு வார்த்தையா என்று அவன் கன்னத்தில் அறைந்தான். பல் தெறித்து விழுந்தது. அதற்குப் பிறகு அவர் உன் பேச்சை வெளியில் எடுக்கவில்லை.

சயாமுக்கு ஆள் பிடித்தபோது இரண்டு பேரையும் ஒரே நாளில் கொண்டுபோனார்கள். போகும்போது ஞானையன் தம்பி பிள்ளையைத் தூக்கி என் இடுப்பில் வைத்துவிட்டு, "எக்கா, ஹரு வருவது வரைக்கும் பாத்துக்கிடணும்" என்றார். அதை உன்னிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு மரச்சீனிக் கிழங்குதான். கிழங்கும் கிடைக்காதபோது கிழங்கு இலை. என்றைக்காவது ஒரு பிடி அரிசி கிடைக்கும். ஒரு பிடி அரிசிக்கு மூன்று வாய். என் மூத்தவன் காய்ச்சலில் போனான். இளையவன் கால் வீங்கி, முகம் வீங்கிப் போனான். அந்த ஒரு பிடியை யாருக்கு முதலில் கொடுத்தேன் என்று என்னைக் கேட்காதே. உன் மகள் இருக்கிறாள், என் மகன்கள் இல்லை. அதிலிருந்து நீயே தெரிந்துகொள். பிறத்தியார் பிள்ளையைப் பட்டினி போட்டாள் என்ற பேர் வேண்டாமென்று பெற்ற பிள்ளைகளைப் புதைத்தவள் நான். இப்போது நீ கப்பல் செலவு தருகிறேன் என்கிறாய்.

யுத்தம் முடிந்ததும் ஜப்பான்காரனோடு ஒட்டு உறவு உள்ளவர்களைத் தெருவில் இழுத்துப்போட்டு அடித்தார்கள். நான் பிள்ளையோடு வேறு தோட்டத்துக்கு வந்து, இவள் என் வயிற்றில் பிறந்தவள் என்றேன். லீலாபாய் என்று பேர் வைத்திருக்கிறேன். அவளுக்கும் வேறு ஒன்றும் தெரியாது. என்னைத்தான் அம்மா என்கிறாள். இனி அவளை அனுப்பமாட்டேன். நீ எழுதுவதானால் எழுது, பதில் போடுகிறேன். ஆனால் இதைக் கேட்டு எழுதாதே.

ராகேல்


அருமனை
18-1-1948

அக்கா,

உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு பல நாள் ஒன்றும் எழுத முடியவில்லை. உங்கள் பையன்களின் முகம் எனக்கு நினைவிருக்கிறது. இளையவன் என் மடியில் தூங்குவான்.

நான் கேட்கக் கூடாது என்கிறீர்கள். ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். அவருடைய அண்ணன் வீடு இங்கிருந்து சில மைல் தூரம்தான். வந்த புதிதில் போனேன். வாசலைத் தாண்ட விடவில்லை. அவர் இறந்த செய்தி வந்தபின் மறுபடி போனேன். "எனக்க தம்பியக் கொன்ன சாதி நீ. எங்க சோரயக் கொண்டு வா. பொறவு உன்ன உள்ள ஏத்துதோம்" என்றார். ரத்தத்தைத்தான் சோர என்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மகள் வந்தால் எனக்கும் ஒரு வீடு இருக்கும். மகள் இல்லாமல் நான் இந்த ஊரில் யாருமில்லை. சந்தைக்குப் போனால் பிள்ளைகள் பின்னாலேயே வருகிறார்கள். பெரியவர்கள் தடுப்பதில்லை.

நானே அங்கே வரலாம் என்று மிசியம்மாவை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போனேன். எந்த நாட்டுக்காரி என்று கேட்டார்கள். ஜப்பான் என்றால் போக முடியாது. திருவிதாங்கூர் என்றால் கல்யாணப் பதிவு எங்கே என்றார்கள். அது சிரம்பானில் எரிந்துபோன ஆலயத்தில் இருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அவள் என்ன சாப்பிடுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்றாவது எழுதுங்கள். அதைக் கேட்கலாம் அல்லவா?

ஹரு


சிரம்பான்
9-7-1950

ஹரு,

நீ அனுப்பிய நாலு கடிதமும் வந்தது. பதில் போடாதது வேண்டுமென்றுதான். பிறகு இங்கே கம்யூனிஸ்ட் கலகம் வந்து, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டு எங்களையும் உள்ளே அடைத்துவிட்டார்கள். வேலிக்குள் இருந்து பார்த்தபோதுதான் உனக்கு அப்படி எழுதியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. இரண்டு வேளை சோறு என்று சொன்னேனே, அதற்காகச் சொல்கிறேன். மற்றது எதையும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாய். உன்னைப் போலவேதான், மீனைக் கண்ணிலிருந்து தொடங்குகிறாள். எனக்குப் பார்க்கவே குமட்டுகிறது, ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, எங்கிருந்து வந்ததோ. பிடிவாதம் ஞானையன் தம்பியுடையது. ஒரு சொல் அதிகமாகச் சொன்னால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு மூலையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருவாள். கணக்கு வரவில்லை, பாட்டு நன்றாக வருகிறது. தூங்கும்போது என் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொள்வாள். நான் எழுந்து போனால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

இதற்கு மேல் எழுதினால் நீ அழுவாய். நானும் அழுவேன். போதும்.

ராகேல்


தோவாளை
14-4-1952

ஹருவுக்கு,

இந்த ஊர்ப் பேரைப் பார்த்ததும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆமாம், வந்துவிட்டோம். என் தம்பி பிச்சிப்பூத் தோட்டம் வைத்திருக்கிறான். பூ எடுப்பதும் கட்டுவதுமாகக் காலம் போகும். உனக்கும் எனக்கும் நடுவில் இப்போது கடல் இல்லை, இரண்டு பஸ் மாறினால் வந்துவிடலாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைக் கவனமாக வாசி. ஊரில் அவளை என் மகள் என்றுதான் சொல்லியிருக்கிறேன். முகத்தைப் பார்த்துச் சீனாக்காரி ஜாடை என்று கேலி செய்கிறார்கள், மலாயாவில் பிறந்த பிள்ளைகள் அப்படித்தான் இருக்கும் என்று நானும் ஒரு போடு போட்டு வைத்திருக்கிறேன். அங்கே நீ ஞானையன் மகள் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தால் நாலு பேர் தேடி வருவார்கள். உன் புருஷன் வீட்டார் சோர கேட்டு வருவார்கள். பதினாலு வயசுப் பிள்ளை இதையெல்லாம் தாங்குவாளா?

அதனால் நீ ஒன்று செய். உன் மகள் மலாயாவில் செத்துவிட்டாள் என்று எல்லோரிடமும் சொல்லு. புருஷன் வீட்டாரிடமும் சொல்லு. சொன்னால் அவளை உனக்குத் தூரத்திலிருந்து காட்டுகிறேன். சொல்லாவிட்டால் நாங்கள் வேறு எங்காவது போய்விடுவோம், நீ தேடினாலும் கிடைக்கமாட்டோம்.

ராகேல்


அருமனை
11-5-1952

அக்கா,

சொல்லிவிட்டேன்.

அவருடைய அண்ணன் வீட்டு வாசலில் நின்று, மகள் காய்ச்சலில் இறந்துவிட்டாள், கடிதம் வந்தது என்றேன். அவருடைய அண்ணன் மனைவி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆறு வருஷத்தில் அந்த வீட்டார் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். அழுகையை வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்காரவைத்தார்கள். கறுப்புக் காப்பி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐயர் வந்து ஞானையன் மகளுக்காக ஜெபம் வைத்தார். என் மகளுக்காகப் பாடிய பாட்டை நானும் சேர்ந்து பாடினேன்.

கல்லூரியில் படிக்கிற அந்த வீட்டு மகன் என்னைச் சித்தி என்று கூப்பிட்டான். இருட்டுமுன் கொண்டுவிடுகிறேன் என்று அருமனை வரைக்கும் கூடவே நடந்து வந்தான். "எங்க அப்பாவப் பத்தித் தப்பா ஒண்ணும் நெனைக்காதியுங்க சித்தி. அவியளுக்கு சித்தப்பான்னா உயிரு" என்றான். அவள் உயிரோடிருக்கிறாள் என்று சொன்னபோது வாசலில் நிறுத்தியவர்கள், செத்தாள் என்றதும் உள்ளே ஏற்றினார்கள்.

எப்போது காட்டுவீர்கள்?

ஹரு


தோவாளை
3-9-1952

ஹரு,

சபைப் பிள்ளைகளை வட்டக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வருகிறோம், நீ மதில்மேல் நின்று பார், கிட்டே வராதே என்றுதானே எழுதினேன்? நீ என்ன செய்தாய்? அவள் செருப்பு வார் அறுந்ததும் ஓடிவந்து மணலில் மண்டியிட்டு உன் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிவிட்டாய். கட்டிவிட்டு எழுந்து போகவாவது செய்தாயா? அவள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தாய். ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றன.

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கேட்கிறாள்: "அம்மா, அந்தச் சீனாக்கார அம்மை எதுக்கு அழுதா?" அவளுக்குப் புத்தி சரியில்லை என்றேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அதனால்தான் இனி வேண்டாம் என்கிறேன். இன்னொரு தடவை உன்னைப் பார்த்தால் அவளுக்கு விளங்கிவிடும். கடிதம் எழுது, அது போதும்.

ராகேல்


தோவாளை
22-8-1955

ஹருவுக்கு,

மூன்று வருஷமாக நீயும் கேட்கவில்லை, நானும் காட்டவில்லை. என்மேல் உனக்கு மனத்தாங்கல் இருக்கும், இருக்கட்டும். இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

லீலாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் இங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார். பேர் ஜெபசீலன். எங்கள் ஆலயத்துக்குத்தான் வருவான். பாடல் குழுவில் அவளைப் பார்த்துவிட்டு, கட்டினால் இந்தப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறானாம். அவளுக்கும் இஷ்டம் என்று நினைக்கிறேன், அவன் பேரைச் சொன்னால் அடுக்களைக்குள் ஓடிவிடுகிறாள். சொந்த ஊர் குலசேகரம். அப்பா பேர் முத்துநாயகம், ரப்பர் மரம் கொஞ்சம் இருக்கிறதாம்.

எனக்கு அந்தப் பக்கம் யாரையும் தெரியாது. தரகர் சொல்வதை எல்லாம் நம்பிப் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்க முடியுமா? குலசேகரம் உனக்குப் பக்கம்தானே? நீ யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விசாரித்து எழுது. குடி உண்டா, வீட்டில் சண்டை உண்டா, மாமியார் எப்படி, சபையில் என்ன பேர். முக்கியமாகப் பிள்ளை சந்தோஷமாக இருப்பாளா என்று பார். நீ பார்த்துச் சொன்னால் எனக்கு நம்பிக்கை.

ராகேல்


அருமனை
30-8-1955

ராகேல் அக்காவுக்கு,

விசாரித்தேன். பையனை நானே நேரில் பார்த்திருக்கிறேன். குடி இல்லை. பொய் சொல்ல மாட்டான். வயதானவர்களிடம் இரக்கம் உள்ளவன். அப்பா முன்கோபக்காரர், ஆனால் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அம்மா நல்ல மாதிரி. சபையில் மரியாதை உண்டு.

நல்ல இடம். கொடுக்கலாம். தாமதிக்க வேண்டாம்.

ஹரு


அருமனை
8-1-1956

அன்புள்ள அக்கா,

இன்றைப்போல் ஒரு நாள் எனக்கு இந்த நாட்டில் வாய்த்ததில்லை. அவள் வந்திருந்தாள். அவனோடு வந்தாள். என் அறையில், என் பாயில் உட்கார்ந்தாள். நான் மீன் பொரித்துக் கொடுத்தேன். கண்ணிலிருந்துதான் தின்றாள்.

இனிமேல் உங்களிடம் மறைக்க ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன் சொல்லியிருந்தால் அவள் என் பக்கத்தில் வந்துவிடுவாள் என்று பயந்து நீங்கள் நிறுத்தியிருப்பீர்கள். கோபிக்காதீர்கள். முத்துநாயகம் என்பவர் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரரின் சொந்த அண்ணன். என்னைச் சித்தி என்று கூப்பிட்டு அருமனை வரை கொண்டுவிட்ட பையன்தான் ஜெபசீலன். அவனேதான் ஒருநாள் என்னிடம் வந்து, "சித்தி, தோவாளையில ஒரு பிள்ளயப் பாத்தேன். உங்க ஜாடை அப்பிடியே இருக்குவு" என்றான். நீங்கள் கடிதம் எழுதுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. ராத்திரி பகலாக ஜெபித்தேன். கல்யாணத்துக்குக் காய்ச்சல் என்று சொல்லி வராமல் இருந்ததும் நீங்கள் என்னைக் கண்டுகொள்ளக் கூடாது என்றுதான். ஜப்பான்காரி ஒருத்தி வீட்டில் உண்டு என்று சம்பந்தக்காரரிடம் சொல்ல அவர்களுக்கும் வெட்கம். அதுவும் எனக்கு உதவியாகப் போயிற்று.

பாருங்கள், அக்கா, அவள் தன் தகப்பன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தாள். அவர் பிறந்த அறையில் அவள் படுக்கிறாள். ஒருவருக்கும் தெரியாது, உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சொந்தத்தில் கொடுத்தால் பிள்ளையைக் கைவிடமாட்டார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டில் மாமன் மகளைக் கட்டியிருக்கிறான், எதிர்வீட்டில் அத்தை மகனைக் கட்டியிருக்கிறாள். எங்கள் ஊரிலும் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் அண்ணன் தம்பி பிள்ளைகள். சாகும்வரை சண்டை போட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் அவள், "எனக்க செருப்பக் கட்டித் தந்தது நீங்கதானே" என்றாள். பிறகு சித்தி என்றாள். கிறிஸ்மஸுக்கு வருவாள், அறுப்புப் பண்டிகைக்கு வருவாள். அம்மா என்று கூப்பிட வேண்டாம். இது எனக்குப் போதும்.

ஹரு


தோவாளை
15-1-1956

ஏட்டி, பாவி, என்ன காரியம் செய்துவிட்டாய்!

இரண்டு நாளாக நான் படுக்கையை விட்டு எழவில்லை. தம்பி வைத்தியரைக் கூப்பிடப் போனான், வேண்டாம் என்றேன். எந்த வைத்தியரிடம் இதைச் சொல்வேன்?

அண்ணன் தம்பி பிள்ளைகள் இங்கே கூடப்பிறந்தவர்கள். மாமன் மகன் முறைமாப்பிள்ளை, பெரியப்பன் மகன் அண்ணன். அவர்கள் ஒருவரை ஒருவர் அந்தக் கண்ணால் பார்க்கவே கூடாது. நடை பழகுகிற பிள்ளைக்கும் தெரியும் இது. பத்து வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறாய், உனக்கு ஒருவரும் சொல்லவில்லையா? அவன் அவளுக்கு அண்ணன், ஹரு. ஐயர் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் உண்டா என்று கேட்டாரே. தடை தெரிந்தவள் உலகத்தில் நீ ஒருத்திதான். உனக்கோ அது தடை என்றே தெரியவில்லை.

நானும் எப்படிக் குருடாக இருந்தேன் என்று நினைக்கிறேன். உன் புருஷனின் அண்ணன் பேரை நீ ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. உன்னைக் கட்டிய நாளிலிருந்து ஞானையன் தம்பியும் வீட்டுப் பேச்சை எடுத்ததில்லை. கல்யாணப் பந்தலில் சம்பந்தி, "எனக்க தம்பியும் மலாயாவிலதான் போனான்" என்று கண்ணைத் துடைத்தார். இந்தப் பக்கத்தில் யார் வீட்டில் மலாயாவில் செத்தவன் இல்லை என்று நினைத்துக்கொண்டு நான் பேர்கூடக் கேட்கவில்லை. மகள் செத்தாள் என்று சொல்லச் சொன்னவளும் நான்தான். அது இல்லாவிட்டால் அவர்களாவது கண்டுபிடித்திருப்பார்கள்.

இனி கேள். அவள் நேற்று வந்திருந்தாள். நாள் தள்ளிப்போயிருக்கிறது. என் மடியில் முகத்தை வைத்துச் சிரிக்கிறாள். நான் அவள் தலையைத் தடவிக்கொண்டே, கடவுளே என்னை இப்போதே எடுத்துக்கொள் என்றேன்.

வெளியில் தெரிந்தால் சபை அவர்களைத் தள்ளிவைக்கும். முத்துநாயகம் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்தப் பையன் நீ சொன்ன மாதிரி பொய் சொல்லத் தெரியாதவன், உத்திரத்தில் தொங்கிவிடுவான். அவள் கிணற்றைத்தான் பார்ப்பாள். வயிற்றில் இருப்பதை என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று உனக்கு எழுத என் கை கூசுகிறது. பிரிக்கவும் முடியாது, சேர்ந்திருங்கள் என்று வாழ்த்தவும் முடியாது.

ஒரே வழிதான் இருக்கிறது. ஞானையன் மகள் செத்தவள் செத்தவளாகவே இருக்கட்டும். நீ போய்விடு. உன் முகத்தையும் அவள் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் எவனுக்காவது விளங்கும். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அதே ஜாடை வந்தால் என்ன செய்வாய்? தூரமாகப் போ. அவள் உன்னைத் தேடி வராதபடி போ. காலில் விழுந்து கேட்கிறேன், ஹரு. உன்னை லாரியில் ஏற்றியபோது பிள்ளைக்காக வாயை மூடிக்கொண்டேன் என்று எழுதினாய். இன்னும் ஒரு தடவை மூடிக்கொள்.

ராகேல்


அருமனை
4-3-1956

அக்கா,

மிசியம்மா வடக்கே ஒரு குஷ்டரோக ஆஸ்பத்திரிக்கு எழுதினார். ஆயா வேலை இருக்கிறது. நாளைக் காலைப் பஸ்ஸுக்குப் போகிறேன். ஊர்ப் பேரை உங்களுக்கும் எழுதவில்லை. தெரிந்தால் என்றைக்காவது மனமிரங்கி எழுதிவிடுவீர்கள்.

ஒருவரும் சொல்லவில்லையா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் அவளைப் பற்றி என்னிடம் சொன்ன அன்று, யாரிடமாவது கேட்டுப் பார்ப்போமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. கேட்டால் கூடாது என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்து கேட்காமல் விட்டேன். இதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். கடவுளிடம் கூட இன்னும் சொல்லவில்லை.

இந்த நாட்டுக்கு என்னைக் கைதியாகக் கொண்டுவந்தார்கள். முள்வேலிக்குள் இருந்தபோதுகூட, வெளியே போனால் எனக்கு ஒரு வீடு உண்டு, ஒரு பிள்ளை உண்டு என்று தூங்குவேன். இப்போது வேலி இல்லை, காவல்காரன் இல்லை. தூக்கம் வரவில்லை.

நேற்று அவள் வந்தாள். நான் போகிறேன் என்று கேள்விப்பட்டு வந்தாளாம். அவன் வரவில்லை, தனியாக வந்தாள். வெயிலில் நடந்து முகம் சிவந்திருந்தது. தண்ணீர் கொடுத்தேன். வயிறு இன்னும் வெளியே தெரியவில்லை.

"எதுக்கு சித்தி போவுதிய? எனக்க பேறுகாலத்துக்கு நீங்க கூட இருப்பியன்னு நெனச்சிருந்தேன். எங்க அம்மைக்கு வயசாயாச்சு, அவளால முடியாது" என்றாள்.

அங்கே வேலை இருக்கிறது என்றேன். முகத்தைப் பார்க்காமல் துணிகளை மடித்துக்கொண்டே சொன்னேன். அவள் போகவில்லை. மடித்த துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கித் தந்தாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஒண்ணு கேக்கட்டா, சித்தி? கோவப்படப்படாது. உங்களுக்கு ஒரு மவ உண்டும், மலாயாவுல செத்துப்போச்சுன்னு அவிய சொன்னாவ. பாவம், அந்தப் பிள்ளைக்க பேரு அவியளுக்கு ஞாபகமில்ல. எனக்குப் பொட்டப்பிள்ள பொறந்தா அந்தப் பேர வைக்கலாம்னு ரெண்டு பேருமாட்டு முடிவு செஞ்சோம். உங்களுக்கு ஒரு ஆறுதலா இருக்கும்லா. அவளுக்க பேரு என்ன சித்தி?" என்றாள்.

நீங்கள் லீலாபாய் என்று வைப்பதற்கு முன் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அவரும் நானும் சேர்ந்து வைத்தது. மூன்று வயதுவரை அந்தப் பெயரைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிட்டேன். முகாமில் இருந்த காலமெல்லாம் ராத்திரியில் போர்வைக்குள் அதைச் சொல்லிப் பார்ப்பேன், மறந்துவிடக் கூடாது என்று. அவள் என் முன்னால் நின்று அதைக் கேட்கிறாள். சொன்னால் அவளுக்கு எங்கேயாவது ஒரு மூலையில் ஞாபகம் வந்துவிடுமோ என்று பயந்தேன். அந்த வீட்டில் அந்தப் பெயர் தினமும் ஒலித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மறந்துபோச்சு" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையை உங்களுக்கு எழுத வேண்டாம். "பெத்த பிள்ளைக்க பேரா மறந்துபோச்சு?" என்றாள். நான் பெட்டியை மூடினேன். தண்ணீர் குடித்த செம்பைத் தரையில் வைத்துவிட்டு, போயிட்டு வாறேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.

இனி அவள் என்னைத் தேடமாட்டாள், அக்கா. நீங்கள் பயப்பட வேண்டாம்.

ஹரு